ஆங்கிலப் பாடம்: ‘ஆரம்பித்தார்’ என்பதற்கு எத்தனை சொல்?



இவ்வாரப் பாடத்தை ஒரு கல்லிலிருந்து தொடங்குகிறேன். அது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் வாசற் சுவரில் பதித்திருந்த கல். ஊர்ப் பெயர் வேண்டாம். வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய அழகான எழுத்துக்களில், ‘திஸ் ஸ்கூல் வாஸ் ஃபவுண்ட் இன் 1934’ என்று அதில் இருந்தது. (ஆங்கில வார்த்தைகளைத் தமிழெழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், விளங்கிவிடும்.) வெட்டச் சொன்னவர் நினைத்தது, ‘இப்பள்ளி 1934-இல் நிறுவப்பட்டது’ என்பது. கல் சொன்னதோ, ‘இப்பள்ளி 1934-இல் கண்டெடுக்கப்பட்டது’ என்பது. காணாமற்போன ஆட்டுக்குட்டியைப் புதரில் கண்டெடுத்தது போல, ஒரு நாள் காலையில் யாரோ ஒருவர் முள்ளுக்காட்டுக்குள் ஒரு முழுப் பள்ளிக்கூடத்தைக் கண்டெடுத்தார் என்று அர்த்தம்! எழுபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகள் அந்தக் கல்லைக் கடந்து போனார்கள். ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர்களும் கடந்து போனார்கள்.

2009-இல் பவள விழாவுக்குப் புதுக் கல் பதிப்பதென்று தீர்மானமாகி, வாசகத்தைச் சரிபார்க்கும்படி என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு எழுத்தைக் கூட்டினால் தீர்ந்தது, ஐந்து நிமிஷ வேலை என்று எண்ணிக்கொண்டு போனேன். அந்த எண்ணம் பொய்த்துப் போயிற்று. ஏன் என்பதைச் சொல்லுமுன், இந்தச் சொற்களைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம்.

‘ஃபைண்ட்’ என்றால் கண்டுபிடி, கண்டெடு. அதன் இறந்த காலம் ‘ஃபவுண்ட்’. இதை எல்லாரும் அறிவார்கள். ஆனால் ‘ஃபவுண்ட்’ என்றே தொடங்கும் வேறொரு வினைச்சொல்லும் இருக்கிறது. அதற்கு நிறுவு, ஸ்தாபி என்று அர்த்தம். இதன் இறந்த காலம் ‘ஃபவுண்டட்’. முன்னது ஆங்கிலேயரின் பூர்வ பாஷையிலிருந்து வந்தது. பின்னது அடி, அடித்தளம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அஸ்திவாரத்துக்கு ‘ஃபவுண்டேஷன்’ என்று சொல்லுகிறோமே, அதுவும் இந்த லத்தீன் சொல்லின் பிள்ளைதான். ஆகவே ‘ஃபவுண்ட்’ என்று எழுதும்போது கையில் ஒரு கடப்பாரை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: அஸ்திவாரம் தோண்டுகிறீர்கள். உலோகம் உருக்கி வார்க்கும் பட்டறைக்கு ‘ஃபவுண்டரி’ என்று பெயர் வந்தது மூன்றாவது ஒரு சொல்லால். அது ‘ஊற்று’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. இன்னொரு வேடிக்கை: ஸ்தாபகரை ‘ஃபவுண்டர்’ என்கிறோம். அதே எழுத்துக்களில் ஒரு வினைச்சொல்லும் உண்டு, அதற்குக் கப்பல் மூழ்கி அடியிலே போய்ச் சேருதல் என்று அர்த்தம். அதுவும் அடி என்ற அதே லத்தீன் சொல்லிலிருந்துதான் வருகிறது.

இந்த இரண்டு ‘ஃபவுண்ட்’களும் ஒரே பெயர்ப் பலகையில் சேர்ந்து நின்ற இடம் ஒன்று லண்டனில் இருந்தது. தாமஸ் கோரம் என்ற கப்பற் தலைவர், கடல் தொழிலை விட்டு லண்டனில் குடியிருந்தபோது, தெருவோரங்களில் சிசுக்கள் விடப்பட்டுக் கிடப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல், அவர்களுக்கு ஒரு விடுதி வேண்டுமென்று பல வருஷங்கள் பெரிய மனிதர் வீடுகளுக்கெல்லாம் நடையாய் நடந்தார். 1739-ஆம் ஆண்டு இரண்டாம் ஜார்ஜ் மன்னர் அதற்கு அரச சாசனம் கொடுத்தார். அந்த விடுதிக்கு ‘ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல்’ என்று பெயர். ‘ஃபவுண்ட்லிங்’ என்றால் கண்டெடுத்த குழந்தை. இது ‘ஃபைண்ட்’ குடும்பம். ‘ஹாஸ்பிட்டல்’ என்பது இங்கே வைத்தியசாலை அல்ல, ஆதரித்து வளர்க்கும் இல்லம். ஆக, குழந்தை ‘ஃபவுண்ட்’, இல்லம் ‘ஃபவுண்டட்’. இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டால் உங்கள் கல்லில் தப்பு வராது.

(உள்ளபடி பார்த்தால் அந்தக் குழந்தைகளும் கண்டெடுக்கப்பட்டவர்கள் அல்லர். தாய்மாரே தூக்கிக்கொண்டு வந்து ஒப்படைத்தார்கள். என்றாவது திரும்பி வந்து கேட்டால் அடையாளம் காட்டுவதற்காக ஒரு துணித்துண்டோ, ஒரு நாணயமோ பிள்ளையோடு வைத்துவிட்டுப் போனார்கள்.)

இனி ஒரு கேள்வி. சாசனம் கிடைத்தது 1739-இல். ஆனால் முதற் குழந்தைகளை உள்ளே எடுத்தது 1741 மார்ச்சில், ஹாட்டன் கார்டன் என்னும் தெருவிலிருந்த ஒரு தற்காலிக வீட்டில். அப்படியானால் இல்லம் எந்த ஆண்டில் ஆரம்பித்தது? தமிழில் ‘ஆரம்பித்தது’ என்று பொதுவாகச் சொல்லி எந்த ஆண்டையும் போட்டுவிடலாம். ஆங்கிலத்தில் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. 1739-இல் ‘ஃபவுண்டட்’, 1741-இல் ‘ஓப்பண்ட்’. ‘ஃபவுண்டட் இன் 1741’ என்றால் பொய். ‘ஓப்பண்ட் இன் 1739’ என்றால் இரண்டு வருஷம் வாசலில் காத்திருந்த பிள்ளைகளை மறந்துவிட்டோம் என்று ஆகும். ஆகவே ஒரு தேதியை எழுதுமுன் ‘அந்தத் தேதியில் உண்மையாக நடந்தது என்ன?’ என்று கேளுங்கள். அஸ்திவாரம் போட்டதா, கதவைத் திறந்ததா, வேலை தொடங்கியதா, சர்க்கார் ஒப்புக்கொண்டதா? சொல் அதிலிருந்து தானாக வரும்.

நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று. திருச்சிராப்பள்ளி அர்ச். சூசையப்பர் கல்லூரியை அறியாதவர் நம்மில் இல்லை. அது 1844-இல் நாகப்பட்டினத்தில் நிறுவப்பட்டு, 1883-இல் திருச்சிக்கு மாற்றப்பட்டது. ‘ஃபவுண்டட் இன் ட்ரிச்சி இன் 1844’ என்று மாணவர் எழுதக் கண்டிருக்கிறேன். ஆண்டும் சரி, ஊரும் சரி, இரண்டையும் சேர்த்தால் தவறு. ‘ஃபவுண்டட் அட் நாகப்பட்டினம் இன் 1844 அண்ட் மூவ்ட் டு ட்ரிச்சி இன் 1883’ என்பதே முறை. அக் கல்லூரியை நடத்தும் சேசு சபையாரின் ஆரம்பமும் இப்படியே. இஞ்ஞாசியாரும் ஆறு தோழரும் பாரீஸ் நகரின் மொம்மார்த்தர் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்தது 1534 ஆகஸ்டு 15-ஆம் தேதி. பாப்பு மூன்றாம் சின்னப்பர் சபையை அங்கீகரித்தது 1540 செப்டம்பர் 27-ஆம் தேதி. சபை ‘ஃபவுண்டட் இன் 1540’ என்று சரித்திரக்காரர் எழுதுவார்கள். 1534-க்கு ‘பிகினிங்ஸ்’ என்று பன்மையிலே சொல்லுவார்கள். ஊற்றுக்கண் ஓரிடம், ஆறு என்று பெயர் பெறுவது வேறோரிடம் அல்லவா?

அடுத்தது ‘எஸ்டாப்ளிஷ்’. இதுவும் நிறுவுதல்தான் என்று அகராதி சொல்லும். ஆனால் இதன் லத்தீன் வேர் ‘உறுதியான, ஆடாத’ என்பது. ‘ஃபவுண்ட்’ என்பது அடியைப் பார்க்கிறது, ‘எஸ்டாப்ளிஷ்’ என்பது நிலைத்து நிற்பதைப் பார்க்கிறது. நட்ட நாற்று வேர்பிடித்து நிமிர்ந்தால் ஆங்கிலத் தோட்டக்காரர் அதை ‘எஸ்டாப்ளிஷ்ட்’ என்பார். ஊருக்குப் புதிதாக வந்த வைத்தியர் நாலைந்து வருஷத்தில் பெயரெடுத்துவிட்டால் அவரும் ‘எஸ்டாப்ளிஷ்ட்’. கோர்ட்டில் ஒரு சங்கதியைச் சாட்சிகளால் அசையாமல் நிரூபித்தாலும் அதே சொல்தான். கடைப் பலகைகளில் ஆண்டுக்கு முன்னால் இந்தச் சொல்லைச் சுருக்கி எழுதுவது அந்தப் பெருமையினால்தான்: ‘இத்தனை வருஷம் நின்று பிடித்திருக்கிறோம், பாருங்கள்!’ நேற்றுத் திறந்த கடைக்கு அதைப் போட்டால் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும்.

இந்தச் சொல்லுக்கு ‘ஆரம்பித்தல்’ என்பது முழு அர்த்தமல்ல என்று காட்ட ஒரு நல்ல சாட்சி இங்கிலாந்துச் சரித்திரத்திலே இருக்கிறது. அங்கே ஆங்கிலிக்கன் சபையை ‘எஸ்டாப்ளிஷ்ட் சர்ச்’ என்பார்கள். ராஜாங்கத்தின் சட்டத்தால் ஊன்றி நிறுத்தப்பட்ட சபை என்பது கருத்து. ஐர்லாந்திலும் அதே சபைக்கு அந்த அந்தஸ்து இருந்தது. பெரும்பான்மை மக்கள் கத்தோலிக்கராயிருந்த தேசத்தில் அது நியாயமல்ல என்ற கிளர்ச்சியின்மேல், கிளாட்ஸ்டன் மந்திரிசபை 1869-இல் கொண்டுவந்த சட்டத்தால், 1871 ஜனவரி முதல் தேதி அது ‘டிஸ்எஸ்டாப்ளிஷ்’ செய்யப்பட்டது. வேல்ஸ் நாட்டில் 1920-இல் அவ்விதமே நடந்தது. அந்தக் கோவில்கள் மூடப்பட்டனவா? இல்லை. மறு ஞாயிறும் மணி அடித்தது, பிரசங்கம் நடந்தது. ராஜாங்கம் கொடுத்திருந்த ஊன்றுகோல் மட்டும் எடுக்கப்பட்டது. ‘எஸ்டாப்ளிஷ்’ என்பதற்கு ஆரம்பித்தல் என்று மாத்திரம் பொருளிருந்தால், அதன் எதிர்ச்சொல்லுக்கு இழுத்து மூடுதல் என்றல்லவா பொருள் வரவேண்டும்?

இலக்கணத்தில் ஓர் எச்சரிக்கை. ‘தி ஸ்கூல் எஸ்டாப்ளிஷ்ட் இன் 1934’, ‘தி ஃபங்ஷன் இனாகுரேட்டட் அட் ஃபைவ்’ என்று நம்மவர் அடிக்கடி எழுதுகிறார்கள். இரண்டும் தவறு. இதற்கு ஆங்கில இலக்கணப் புத்தகத்தைத் தேட வேண்டாம், உங்கள் தமிழ்க் காதே போதும். ‘பள்ளி தொடங்கியது’ என்கிறோம், சரியாக ஒலிக்கிறது. ‘பள்ளி நிறுவியது’ என்று சொல்லிப் பாருங்கள். பள்ளி எதை நிறுவியது என்று காது கேட்கிறதல்லவா? ‘நிறுவப்பட்டது’ என்றால்தான் திருப்தி. தமிழ் எங்கே ‘பட்டது’ கேட்கிறதோ, அங்கே ஆங்கிலம் ‘வாஸ்’ கேட்கிறது. ‘தி ஸ்கூல் பிகேன்’, ‘தி ஸ்கூல் ஸ்டார்ட்டட்’ என்று தனியே நிற்கும். ‘ஃபவுண்டட்’, ‘எஸ்டாப்ளிஷ்ட்’, ‘இன்ஸ்டிட்யூட்டட்’, ‘இனாகுரேட்டட்’ ஆகிய நான்கும் செய்தவரை முன்னே வைத்துக்கொள்ளும், அல்லது ‘வாஸ்’ என்பதைத் துணைக்கு அழைக்கும்.

‘பிகின்’, ‘ஸ்டார்ட்’, ‘கமென்ஸ்’ என்ற மூன்றுக்கும் வருவோம். ‘ஸ்டார்ட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் துள்ளுதல், திடுக்கிட்டுக் குதித்தல் என்று பொருள்பட்டது. ‘ஸ்டார்ட்டில்’ என்ற சொல்லில் அந்தத் திடுக்கிடுதல் இன்னும் இருக்கிறது. ஆகவே நின்றது நகரும் இடத்தில் ‘ஸ்டார்ட்’ போடுங்கள். மோட்டார் ‘ஸ்டார்ட்’ ஆகும், ‘பிகின்’ ஆகாது. ரயில் ஆறு மணிக்கு ‘ஸ்டார்ட்ஸ்’, அதிகாலையில் பிரயாணம் புறப்படுவதும் ‘ஸ்டார்ட்’தான். அதற்கு எதிர்ச்சொல் ‘ஸ்டாப்’. ‘பிகின்’ என்பதற்கோ எதிர்ச்சொல் ‘எண்ட்’. முடிவை நோக்கி ஒழுங்காகப் போகிற காரியங்களுக்கு அது பொருந்தும்: பிரசங்கம், புத்தகம், ஜெபம், பள்ளி ஆண்டு. ஆங்கில வேதாகமம் ஆதியாகமத்தின் முதல் அடியில் ‘பிகினிங்’ என்ற எளிய சொல்லைத்தான் வைத்திருக்கிறது. உலகத்தின் உற்பத்திக்கே அது போதுமானால், நம்முடைய சங்கக் கூட்டத்துக்குப் போதாதா?

சங்கக் காரியதரிசிகளுக்கோ ‘கமென்ஸ்’மேல் அபாரப் பிரியம். ‘தி மீட்டிங் கமென்ஸ்ட் வித் பிரேயர்’ என்று எழுதாத நடவடிக்கைக் குறிப்பு இல்லை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் குடியேறியது. ‘கமென்ஸ்’ அந்த வழியாக வந்த சொல். இன்னும் அதன்மேல் கோர்ட்டு வாசனை வீசுகிறது. 1926-இல் வெளிவந்த ஃபவுலர் என்பாரின் பிரசித்தமான பிரயோக அகராதி, சாதாரணப் பேச்சில் ‘பிகின்’ சொல்லையே ஆளும்படி அறிவுறுத்துகிறது. 1948-இல் பிரிட்டிஷ் உத்தியோகஸ்தருக்கென்று எளிய ஆங்கிலப் புத்தகம் எழுதிய எர்னஸ்ட் கவர்ஸ் துரையும் அதே கட்சி. நானும் அதே கட்சிதான். வேலைக்கு மனு எழுதும் வாலிபரே, ‘ஐ கமென்ஸ்ட் மை ஸ்டடீஸ்’ என்று எழுதினால் அதிகாரி மயங்கிவிடமாட்டார். ‘ஐ பிகேன்’ என்று எழுதுங்கள். சட்டத்தில் மாத்திரம் ‘கமென்ஸ்மெண்ட்’ தன் சொந்த வீட்டில் இருக்கிறது. நம் அரசியல் சட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டது 1949 நவம்பர் 26, அதன் ‘கமென்ஸ்மெண்ட்’ 1950 ஜனவரி 26. அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் பட்டமளிப்பு விழாவுக்கும் ‘கமென்ஸ்மெண்ட்’ என்று பெயர். படிப்பு முடிகிற நாளுக்கு ஆரம்பம் என்று பெயரா என்று கேட்காதீர்கள். பட்டதாரியாக வாழ்வது அன்றுதானே தொடங்குகிறது.

இரண்டு சில்லறைப் பிழைகள். ‘பிகின், பிகேன், பிகன்’ என்பது வரிசை. ‘ஹாஸ்’, ‘ஹாவ்’, ‘வாஸ்’ இவைகளுக்குப் பின் வருவது ‘பிகன்’ மாத்திரமே. ‘ஹாஸ் பிகேன்’ என்பது செவிக்கு முள். மற்றது, ‘திங்கட்கிழமையிலிருந்து வகுப்புத் தொடங்கும்’ என்ற தமிழை அப்படியே வைத்து ‘பிகின் ஃப்ரம் மண்டே’ என்பது. ஆங்கிலேயர் ‘பிகின் ஆன் மண்டே’ என்பார்கள். மணிக்கு ‘அட்’, கிழமைக்கு ‘ஆன்’, மாதத்துக்கும் வருஷத்துக்கும் ‘இன்’.

மற்றச் சொற்களை விரைவாகப் பார்ப்போம். ‘இனாகுரேட்’ என்பதற்குள்ளே பறவைகள் பறக்கின்றன! ரோமாபுரியில் பறவைகளைப் பார்த்துச் சகுனம் சொல்லுகிற குருக்கள் இருந்தார்கள். அவர்கள் சகுனம் பார்த்துக் காரியத்தைத் தொடங்கிவைப்பதே இந்தச் சொல்லின் பூர்வ அர்த்தம். இன்று சகுனம் போய்ச் சடங்கு மாத்திரம் மிஞ்சியிருக்கிறது. ஆகவே மேடை, பிரமுகர், கூட்டம் இருந்தால்தான் ‘இனாகுரேட்’. அமெரிக்க ஜனாதிபதி பதவியேற்பது (1937 முதல் ஜனவரி 20, அதற்குமுன் மார்ச் 4) இதற்கு நல்ல உதாரணம். குழாயடிச் சண்டையை யாரும் ‘இனாகுரேட்’ செய்வதில்லை. ‘இன்ஸ்டிட்யூட்’ என்பது அதிகாரமுள்ளவர் ஓர் ஏற்பாட்டை விதித்து வைப்பது. விசாரணைக்கும் வழக்குக்கும் ஆகும். ஆண்டவர் தேவதிரவிய அநுமானங்களை ஏற்படுத்தினார் என்பதற்கு ஆங்கில ஞானோபதேசம் இந்தச் சொல்லையே கையாளுவதும் அதனால்தான். ‘லாஞ்ச்’ கப்பலைத் தண்ணீரில் இறக்குவது. 1957 அக்டோபர் 4-இல் ருஷியர் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதற்கும் அது பொருந்தியது, இன்று சோப்புக்கட்டிவரையில் பொருந்துகிறது. கமிட்டி போட ‘செட் அப்’ போதும்.

இனிக் கல்லுக்குத் திரும்புவோம். விழாக் கமிட்டியார் ‘ஃபவுண்டட் இன் 1934’ என்று திருத்தி வாங்கிக்கொண்டு போகத் தயாராயிருந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எழுந்து, “ஐயா, எங்க தாத்தா எங்க வீட்டுத் திண்ணையிலே எட்டு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாகளே, அது எந்தக் கல்லிலேயும் இல்லியே?” என்று கேட்டாள். விசாரித்ததில் சங்கதி இதுதான்: அவளுடைய தாத்தா அவ்வூர் உபதேசியார். 1926-இல் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து மணலில் எழுதப் பழக்கினார். 1931-இல் அந்தத் திண்ணைப் பள்ளிக்குச் சர்க்கார் அங்கீகாரம் வந்தது. 1934-இல் ஓட்டுக் கட்டடம் எழும்பி, பெரிய மனிதர் வந்து திறந்துவைத்தார். கல்லில் ஏறியது கட்டடத்தின் வருஷம்.

1934-இல் உண்மையாக நடந்தது என்ன? கதவு திறந்தது. அதற்கு ‘ஃபவுண்டட்’ போட்டால் எழுத்துப்பிழை நீங்கும், பொய் நீங்காது. ‘உபதேசியாருக்கு “ஃபவுண்டர்” என்று போடலாமே’ என்றார் ஒருவர். எனக்கு அது கொஞ்சம் கனமாகப் பட்டது. சாசனமும் நிதியும் வைத்து அவர் ஒன்றும் ஸ்தாபிக்கவில்லை. பிள்ளைகள் வந்தார்கள், அவர் தொடங்கினார். கமிட்டித் தலைவருக்கு மாத்திரம் ‘கமென்ஸ்ட்’ வேண்டும், அதில்தான் கம்பீரம் என்று பிடிவாதம். கல்வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்டார். ‘கமென்ஸ்ட்’ ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து, ‘பிகன்’ ஐந்து. தலைவரின் பிடிவாதம் தளர்ந்தது. ‘திஸ் ஸ்கூல் வாஸ் பிகன் இன் 1926’ என்று முதல் வரியும், அதன் கீழே உபதேசியார் பெயரும், ‘திஸ் பில்டிங் வாஸ் ஓப்பண்ட் இன் 1934’ என்று கடைசி வரியுமாகப் புதுக் கல் பதிந்தது. கணக்குப்படி அது எண்பத்து மூன்றாம் ஆண்டு. ஆனாலும் அழைப்பிதழ் முன்னமே அச்சாகிவிட்டதால் பவள விழாவாகவே கொண்டாடினார்கள், கட்டடத்துக்கு என்று வைத்துக்கொண்டு.

பழைய கல்லைத் தலைமையாசிரியர் உடைக்க விடவில்லை. வேப்பமரத்தடியில் சாத்தி வைத்து, ‘ஃபைண்ட்’ பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.